பாரணை இல்லாத பட்டினி

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரியில் ஏறி இறங்கி, கல்யாண மகாலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார்கள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருநாதர்குன்றுக்குப் போகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு பெரும்பாறையின் முகத்தில், வரிசைக்குப் பன்னிரண்டாக, 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உணவின்றி நோன்பிருந்து உயிர்துறந்த இடம் இது என்று அது சொல்கிறது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். தனி எழுத்தாக ‘ஐ’ காணக் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. ‘ஐம்பத்தேழு’ என்று வெட்ட வேண்டியிருந்ததால் கிடைத்த எழுத்து அது. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைச் சொல்லும் இன்னொரு கல்வெட்டும் அங்கே உண்டு.

57 நாள் என்பதை மிகைப்படுத்திய கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆந்திர மாநிலம் கேட்டு 1952இல் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு இறந்தது 58ஆம் நாள். 1981இல் அயர்லாந்துச் சிறைக்கைதி பாபி சாண்ட்ஸ் 66 நாள் தாங்கினார். தண்ணீர் மட்டும் இருந்தால் மனித உடல் ஏறக்குறைய இரண்டு மாதம் இழுத்துப் பிடிக்கும். செஞ்சிப் பாறையில் வெட்டியிருக்கும் எண் உடலியல் சொல்லும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கல்வெட்டை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. உண்ணாமல் இருப்பதற்கு நம் மண்ணில் பெரிய மரியாதை இருக்கிறது. சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, சமணர்களின் உபவாசம் என எல்லாச் சமயத்தாரும் இங்கே விரதம் தெரிந்தவர்கள். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமே பக்கத்தில், மேல்சித்தாமூரில் இருக்கிறது. அதனால் 14, 15 வயதுப் பிள்ளை ஒன்று தட்டைத் தள்ளி வைக்கும்போது நமக்கு இரண்டு விளக்கம்தான் தோன்றுகிறது. ஒன்று விரதம், இன்னொன்று பிடிவாதம். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நோய். அனோரெக்சியா நெர்வோசா என்று மருத்துவம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

விரதம் இருப்பவர் அதை நாலு பேருக்குச் சொல்லித் தொடங்குகிறார். அதற்கு நாள் கணக்கு உண்டு. ஒரு தெய்வமோ ஒரு கோரிக்கையோ உண்டு. முடிவில், நோன்பை முடித்து உண்ணும் பாரணை உண்டு. சந்திரநந்தியின் நோன்பு உயிர்துறப்பில் முடிந்த நோன்புதான், ஆனால் வாழ்ந்து முதிர்ந்த துறவி ஒருவர், தன் சங்கம் அறிய, தானே ஏற்றுக்கொண்ட முடிவு அது. அனோரெக்சியா ஒளிந்துகொண்டு தொடங்குகிறது. “ஸ்கூல்லயே சாப்ட்டேம்மா”, “ஃப்ரெண்டு வீட்ல குடுத்தாங்க”, “இப்ப வேணாம், அப்புறமா” என்று நாளுக்கொரு பதில். சோறு தட்டின் ஓரத்தில் பரவி, அளவு குறைந்ததுபோல் தெரியும். டிபன் பாக்ஸ் வழியில் எங்கோ காலியாகும். நாள் கணக்கும் கிடையாது, பாரணையும் கிடையாது. முதல் சில வாரம் அந்தப் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தது போலத்தான் இருக்கும். அதன் பிறகு தேர்வு அதன் கையை விட்டுப் போய்விடுகிறது. எப்படிப் போகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன். ஏனென்றால் பெற்றவர்கள் முக்கியமாகத் தவறவிடுவது அந்த இடத்தைத்தான்.

நோயின் பெயரே முதல் குழப்பம். அனோரெக்சியா என்றால் கிரேக்கத்தில் பசியில்லாமை. இந்தப் பிள்ளைகளுக்கோ பசி இருக்கிறது, பெரும்பாலும் கொடும் பசி. அம்மா சமைக்கும்போது அடுப்படியை விட்டு நகராமல் நிற்பதும், கைப்பேசியில் சமையல் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்ப்பதும், தம்பிக்கு ஊட்டி ஊட்டிச் சாப்பிட வைப்பதும் அதே பிள்ளைதான்.

இந்நோயை முதலில் விவரமாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன். அவருடைய நூல் 1689இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயரிடம் இருந்து தப்பிச் செஞ்சிக் கோட்டைக்குள் வந்து சேர்ந்தார். மார்ட்டன் பதிவுசெய்த முதல் நோயாளி 18 வயதுப் பெண். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, காசநோய்க்கான அடையாளம் ஒன்றும் இல்லை. உடல் மட்டும் எலும்பும் தோலுமாக வற்றிக்கொண்டே போனது. அந்த நிலையிலும் இரவும் பகலும் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சிகிச்சையைத் தொடர மறுத்து, மூன்று மாதத்தில் மயங்கி விழுந்து இறந்தாள். இரண்டாவது நோயாளி 16 வயதுப் பையன். படிப்பை நிறுத்திவிட்டு, கிராமத்துக்குப் போய்ப் பால் குடித்து உடலைத் தேற்றச் சொன்னார் மார்ட்டன். அவன் பெருமளவு தேறினான். பெண்களுக்கே உரிய நோய் என்று இன்றும் நினைக்கிறவர்களுக்கு, மூன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே பதிலாக நிற்கிறான் அந்தப் பையன். 1873இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல்ஸ் லசேக் இருவரும் தனித்தனியாக இதை எழுதிய பிறகுதான் நோய்க்கு இன்றைய பெயர் நிலைத்தது. ரீல்ஸும் இல்லை, மாடல் அழகிகளும் இல்லை, அந்தக் காலத்திலும் நோய் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பசிக்கிற பிள்ளை ஏன் சாப்பிடுவதில்லை? இதற்குப் பாதி விடை கிடைத்தது நோயாளிகளிடம் இருந்து அல்ல, நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களிடம் இருந்து.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பா முழுக்கப் பட்டினி. அதிலிருந்து மக்களை எப்படி மீட்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944 நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்கள் மனத்தில் நடந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீர் விட்டுக் கலந்து, இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு தின்றார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். எரிச்சல், சோர்வு, கோடையிலும் குளிர். சிரிப்பு போயிற்று, ஆசைகள் போயின. சிலருக்குத் தாங்கள் மெலிந்திருப்பதாகவே தோன்றவில்லை. சாதாரண உடல்வாகு உள்ளவர்கள்தான் மிதமிஞ்சிப் பருத்தவர்களாகத் தெரிந்தார்கள்.

அழகு பற்றிய கவலையோ குடும்பச் சிக்கலோ அவர்களை இப்படி ஆக்கவில்லை. பட்டினி மட்டுமே ஆக்கியது. அனோரெக்சியா உள்ள பிள்ளையிடம் நாம் பார்த்து, ‘குணம் கெட்டுப்போச்சு’ என்று புலம்பும் பலவற்றை வெறும் பட்டினியே உண்டாக்கும் என்று அந்த ஆய்வு காட்டியது. பட்டினி மூளையை மாற்றுகிறது. மாறிய மூளை இன்னும் பட்டினி கிடக்கச் சொல்கிறது. இந்தச் சக்கரத்துக்குள் போய்விட்ட பிள்ளையிடம் “நல்லா சாப்பிட்டாத்தான் என்னவாம்?” என்று கேட்பது, வெள்ளத்தில் போகிறவனிடம் கரையேறினால் என்ன என்று கேட்பதற்குச் சமம்.

விடையின் மறுபாதி, யார் இந்தச் சக்கரத்தில் சிக்குகிறார்கள் என்பது. உணவைக் குறைக்கும் பிள்ளைகள் பலர் நாலு நாளில் அலுத்துப்போய் ஒரு புரோட்டாக் கடையில் விரதத்தை முடித்துக்கொள்வார்கள். சிலர் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழ பாதி மரபுவழி வருவதாகச் சொல்கின்றன. 2019இல், அனோரெக்சியா உள்ள சுமார் 17,000 பேரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை அடையாளம் கண்டார்கள். பதற்றம், மனச்சோர்வு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் மனநோய் ஆகியவற்றோடு அவற்றுக்கு உறவு இருந்தது. அத்தோடு கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றை உடல் கையாளும் விதத்தோடும் உறவு இருந்தது. ஆக, இது மனத்தின் நோய் மட்டும் அல்ல, உடலின் எரிபொருள் கணக்கும் இதில் கலந்திருக்கிறது. நோயில் விழும் பிள்ளைகளில் பலர், ஆசிரியர்கள் ‘தங்கமான பிள்ளை’ என்று சொல்லும் வகையினர். கையெழுத்துத் திருத்தமாக இருக்கும், ஒரு மதிப்பெண் குறைந்தாலும் தூக்கம் போகும், யாரையும் எதிர்த்துப் பேச வராது. உள்ளே ஓயாத பதற்றம். உணவைக் குறைக்கும்போது அந்தப் பதற்றம் அடங்குவதுபோல் அவர்களுக்குத் தோன்றுகிறது. பூப்பெய்திய பிறகு உடல் மாறுகிற, பொதுத்தேர்வு நெருங்குகிற, அத்தையும் சித்தியும் “என்னடி, பூசினாப்ல ஆயிட்டே” என்று சொல்கிற வயதில் இது தொடங்குவதில் வியப்பில்லை.

உடலில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். செஞ்சிக் கோட்டைக்குள் இன்றும் பெரிய நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. 1690இல் தொடங்கி 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு அவையும் ஒரு காரணம். இடையில் உணவு வரும் வழிகள் அடைபட்டு, முற்றுகையிட்ட படையே பட்டினியில் வாடி வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. நம் உடலின் களஞ்சியம் அவ்வளவு பெரிதல்ல. கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரை ஒரு நாளில் தீரும். பிறகு கொழுப்பு. அது குறையக் குறையத் தசை. இதயமும் தசைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எரிபொருளைச் சேமிக்க உடல் ஒவ்வொரு விளக்காக அணைக்கிறது. நாடித்துடிப்பு குறைகிறது. கை கால் சில்லிட்டுப் போகிறது. மாதவிலக்கு நிற்கிறது. எலும்பு கெட்டிப்பட வேண்டிய வயதில் அடர்த்தி குறைந்து நொய்ந்துபோகிறது. முதுகிலும் கன்னத்திலும் குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி வளர்கிறது. இரைப்பை மெதுவாகிவிடுவதால் இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பி உப்பிவிடுகிறது. “ரெண்டு வாய்லயே ரொம்பிடுச்சு” என்று அந்தப் பிள்ளை சொல்வது பொய் அல்ல. மூளையும் சுருங்குகிறது. உணவு கிடைத்துத் தேறும்போது மூளை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எலும்பு எல்லாருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை.

மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில் இது ஒன்று. சிலருக்கு இதயம் நின்றுபோகிறது. இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். இரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக இருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. கடைசிக் கட்டம் வரை அவை சரியாகவே இருக்கக்கூடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ‘இதெல்லாம் மேல்நாட்டுச் சீக்கு, நம்ம ஊரில் ஏது?’ நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். பசித்த பிள்ளைக்கு மதிய உணவு கொடுத்துப் பள்ளிக்கு வரவழைத்த நாடு இது. காமராசர் 1956இல் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்ததும், 2022இல் காலை உணவாக நீண்டதும் ஒரே கவலைதான். சோறு இல்லாத பிள்ளையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, சோறு இருந்தும் உண்ண முடியாத பிள்ளை தென்படுவது கடினம்.

ஆனால் இருக்கிறார்கள். செஞ்சியில் இருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தன் குழந்தைகள் மனநலப் பிரிவின் பதிவேடுகளைப் புரட்டி 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கு வந்த பிள்ளைகளில் 1.25 சதவீதத்தினருக்கு உணவு சார்ந்த மனநோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மனக் காரணத்தால் வரும் வாந்தி. ஒரு சிறு பகுதியினருக்கு அனோரெக்சியா. சென்னையில் 1990களில் மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்விலோ, முழு நோயாக முற்றாத உணவுச் சிக்கல் ஏழில் ஒருவருக்கு இருந்தது. தில்லியில் 1995இல் பதிவான ஐந்து இளம்பெண்களின் கதை இன்னும் முக்கியமானது. உணவை மறுத்தார்கள், வற்றிப்போனார்கள். ஆனால் மேல்நாட்டு நூல்கள் சொல்வதுபோல் ‘குண்டாகிவிடுவேன்’ என்ற பயத்தை அவர்கள் சொல்லவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவரும் இதையே கண்டார். வயிறு உப்புகிறது, சாப்பிடத் தோன்றவில்லை என்றுதான் அவருடைய நோயாளிகள் பலர் சொன்னார்கள்.

நோயின் வித்து எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஊருக்கு ஊர் அது பேசும் மொழி மாறுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அந்த மொழியும் காலத்தோடு மாறும். 1995இல் ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. திரண்ட உடலையே அழகென்று கொண்டாடிய சமூகம் அது. மூன்றே ஆண்டில், பள்ளி மாணவியரில் நூற்றுக்குப் பதினொருவர் மெலிவதற்காக வாந்தி எடுத்ததாகச் சொன்னார்கள். முன்பு அப்படி ஒருவர்கூட இல்லை என்று ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவுசெய்தார். இன்று செஞ்சியில் மல்லாட்டை உரிக்கும் வீட்டுப் பிள்ளையின் கையிலும் அதைவிடச் சக்தி வாய்ந்த திரை இருக்கிறது.

நம் பக்கத்து மொழி பெரும்பாலும் வயிற்றின் மொழி. “நெஞ்சை அடைக்குது”, “எதுக்களிக்குது”, “சோறே எறங்கல.” அதனால் குடும்பம் வயிற்றுப்புண் என்று போகிறது, மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைக்கிறது, காசநோய் என்று படம் எடுக்கிறது. அதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். காசநோயும் குடல்நோயும் சர்க்கரை நோயும் இதே தோற்றத்தில் வரும். ஒன்றும் இல்லை என்றானதும் மேல்மலையனூருக்கு அமாவாசை இரவில் போகிறார்கள். அங்காளம்மனிடம் போவதில் தவறில்லை, அந்தத் தாயின் தவிப்புக்கு அவள் துணை. மறுநாள் காலை அந்தப் பிள்ளையை மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும். அந்த இரண்டாவது பயணம்தான் இங்கே விட்டுப்போகிறது. ‘நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆகணுமே’ என்ற பயம் வாசலில் நின்று மறிக்கிறது.

அனோரெக்சியாவை மாற்றும் மாத்திரை இதுவரை இல்லை. உணவே முதல் மருந்து. பேச்சுச் சிகிச்சைகூட மூளைக்குக் கொஞ்சம் எரிபொருள் வந்த பிறகுதான் நன்றாக ஏறும். வளரிளம் பருவத்தினருக்கு நல்ல பலன் தருவதாக நிரூபணமான முறை, லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. அதன் சாரம் எளிது. பெற்றோர் குற்றவாளிகள் அல்லர், அவர்கள்தான் மருத்துவர்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவைச் சில மாதங்களுக்குப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்கிறார்கள். திட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை, பேரம் பேசுவதில்லை. ‘உன்னால இப்ப முடியல, அதுவரைக்கும் நாங்க பாத்துக்கறோம்’ என்ற நிலையில் உறுதியாக நிற்கிறார்கள். உடல் தேறத் தேற முடிவுகளைப் பிள்ளையிடமே திருப்பித் தருகிறார்கள். ஆயாவும் அத்தையும் கூடி ஒரு பிள்ளையைச் சாப்பிட வைக்கும் வழக்கம் உள்ள நமக்கு இது அந்நியமான வைத்தியம் அல்ல. நாம் பழக வேண்டியது திட்டாமல் இருப்பதைத்தான்.

ஓர் எச்சரிக்கை. மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டக் கூடாது. போர் முடிந்து சிறைமுகாம்களில் இருந்து மீண்டவர்கள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு சிலர் இறந்துபோனதில் மருத்துவர்கள் கற்ற பாடம் இது. உணவு வந்ததும் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகளை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அவை வற்றினால் இதயம் தடுமாறும். அந்த முதல் நாட்கள் மருத்துவமனையில் கழிய வேண்டும்.

சில மாதத்தில் கண்ணெதிரே இளைத்த பிள்ளை, மாதவிலக்கு நின்ற பெண், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிற பையன், சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால் காத்திருக்காதீர்கள். “இளைச்சு அழகாயிட்டே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பாராட்டு நோய்க்குப் போடும் தீனி. ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள்: காலியாகாத டிபன் பாக்ஸைப் பாருங்கள், அந்த முதல் மதிப்பெண் பிள்ளையையும் பாருங்கள். முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கூட்டிப்போய், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து இசிஜி எடுக்கச் சொல்லுங்கள், மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே போங்கள். உயிரை வெறுத்துப் பேசினாலும் அப்படித்தான். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.